பாப்வா என்றொரு கோல்ஃப் வீரர்

சென்ற இதழில் நம் ஏரியை உருவாக்கிய லெவிஞ்ச் துரையைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு இரண்டு மூன்று பேர் என்னை நடைப்பயிற்சியில் நிறுத்தி, அடுத்தது நம் கோல்ஃப் மைதானத்தைப் பற்றி எழுதுங்களேன் என்று கேட்டார்கள். தூண் பாறைக்குப் போகும் வழியில் இருக்கும் அந்தப் பச்சை மேடுகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 1895-இல் தொடங்கிய கிளப் அது. ஆட்டக்காரர்களைவிடக் காட்டெருமைகளைத்தான் அங்கே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆனால் மைதானத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது ஒரு மனிதர் குறுக்கே வந்துவிட்டார். அவர் கொடைக்கானலுக்கு வந்தவர் அல்லர். இந்தியாவிலேயே பிறந்தவரும் அல்லர். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில், நம்மைப் போன்ற இந்திய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். பெயர் சிவசங்கர் சிவ்குலாம். உலகம் அவரைப் 'பாப்வா' என்றுதான் அழைத்தது. மைதானத்தின் கதை அடுத்த இதழுக்கு. இப்போது இவர் கதையைக் கேளுங்கள்.

பெயரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஆங்கிலப் பதிவுகளில் அவர் பெயரைப் பார்த்தால் அதைச் 'செவ்சங்கர் செவ்கோலம்' என்றுதான் வாசிக்க வேண்டியிருக்கும். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிய கப்பல்களில் கணக்கெழுதியவர்கள், காதில் விழுந்ததை எழுதிக்கொண்டார்கள். சிவன் 'செவ்' ஆகிவிட்டார். வங்கியில் இருந்தபோது ஒரே வாடிக்கையாளரின் பெயர் பாஸ்புக்கில் ஒரு விதம், ரேஷன் கார்டில் ஒரு விதம், நிலப் பட்டாவில் ஒரு விதம் என்று பார்த்துப் பழகியவன் நான். அதனால் இதில் எனக்கு வியப்பில்லை. பிறந்த ஆண்டிலும் இதே குழப்பம்தான். 1928 என்று ஒரு பக்கம், 1930 என்று இன்னொரு பக்கம் எழுதுகிறார்கள். இன்றைய கே.ஒய்.சி. விதிப்படி அவருக்கு ஒரு சேமிப்புக் கணக்குத் திறப்பதே கஷ்டம்.

டர்பனில் இந்தியர்கள் எப்படி வந்தார்கள் என்று இளையவர்களுக்காக இரண்டு வரி. 1860 நவம்பர் 16-ஆம் தேதி, சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் 342 பேருடன் டர்பன் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நம் சென்னை மாகாணத்துக்காரர்கள். தில்லையாடி வள்ளியம்மையின் குடும்பமும் தமிழ்நாட்டிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குப் போனதுதான். பாப்வாவின் முன்னோர் வட இந்தியப் பக்கத்தவர்கள். ஆனால் அங்கே போன பிறகு தமிழர், தெலுங்கர், பீகாரி எல்லோரும் 'கூலி' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டார்கள்.

பாப்வாவின் வீடு என்று சொல்வதைவிடக் குடிசை என்பதே சரி. அம்மாவுக்குக் கண் பார்வை இல்லை. அப்பா சீக்கிரமே இறந்துவிட்டார். பள்ளிப் படிப்பு அநேகமாக இல்லை. பக்கத்திலேயே பீச்வுட் என்ற கோல்ஃப் கிளப். வெள்ளையர்களுக்கு மட்டுமானது. ஏழைப் பையன்களுக்கு அங்கே கிடைத்த வேலை, ஆடுபவர்களின் மட்டைப் பையைச் சுமந்துகொண்டு கூடவே நடப்பது. இதற்கு ஆங்கிலத்தில் 'கேடி' என்று பெயர். தமிழில் அப்படியே எழுதினால் போலீஸ் ஸ்டேஷன் சுவரில் படம் ஒட்டப்பட்ட ஆள் என்று அர்த்தமாகிவிடும். எனவே 'பை தூக்கும் பையன்' என்றே வைத்துக்கொள்வோம்.

இந்தப் பை தூக்கும் வேலையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பந்து விழுந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். எந்தத் தூரத்துக்கு எந்த மட்டை என்று எடுத்துக் கொடுக்க வேண்டும். புல்தரையின் சரிவு எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும். பத்து வருஷம் பை தூக்கிய பையனுக்கு அந்த மைதானத்தின் ஒவ்வொரு மேடு பள்ளமும் அத்துப்படி. ஆட மட்டும் முடியாது. நம் நாட்டிலும் நல்ல தொழில்முறை ஆட்டக்காரர்கள் பலர் இப்படி வந்தவர்களே. 1991-இல் இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்ற அலி ஷேர் டெல்லி கோல்ஃப் கிளப்பில் பை தூக்கியவர். 2009-இல் அதே பட்டத்தை வென்ற பெங்களூரு முனியப்பாவும் அப்படித்தான்.

பாப்வா மரக்கிளையைச் சீவி மட்டை செய்துகொண்டு, கிடைத்த வெட்டவெளியில் அடித்துப் பழகினார் என்று சொல்வார்கள். சொல்லித்தர ஆள் இல்லை. அதனால்தான் அந்த விநோதப் பிடி வந்தது. கிரிக்கெட் ஆடியவர்களுக்கு இது உடனே புரியும். வலது கை ஆட்டக்காரர் மட்டையைப் பிடிக்கும்போது இடது கை மேலே, வலது கை கீழே இருக்கும். கோல்ஃபிலும் அதே முறைதான். பாப்வா வலது கைக்காரரைப் போலவே நிற்பார், ஆனால் வலது கை மேலே, இடது கை கீழே. வீட்டில் ஒரு குடையை எடுத்து அப்படிப் பிடித்து வீசிப் பாருங்கள். (பக்கத்தில் யாரும் நிற்கவில்லை என்று பார்த்துக்கொண்டு.) மணிக்கட்டு பின்னிக்கொள்ளும். அந்தப் பிடியோடு அவர் அடித்த பந்துகள் நூல் பிடித்தாற்போல் போயின. எந்தப் பயிற்சியாளரிடம் போயிருந்தாலும் முதல் நாளே அதை மாற்றச் சொல்லியிருப்பார்கள். பயிற்சியாளருக்குக் கட்டணம் கொடுக்கப் பணமில்லாமல் இருந்தது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று.

வெள்ளையர் அல்லாதவர்களுக்கென்று தனியாக நடந்த போட்டிகளில் அவர் இளம் வயதிலேயே வென்றார். ஆனால் அந்தப் போட்டிகளில் பரிசுப் பணமும் பெரிதில்லை, வெளியுலகின் கவனமும் இல்லை.

திருப்பம் ஒரு முகக் களிம்பு மூலம் வந்தது என்றால் நம்புவீர்களா? நம் வீட்டுக் குளியலறை அலமாரிகளில் 'ஓலே' என்ற க்ரீம் இருக்கிறதே, அது டர்பனில் பிறந்த சரக்கு. கிரகாம் வுல்ஃப் என்ற ரசாயன நிபுணர் 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தம் மனைவிக்காகத் தயாரித்த இளஞ்சிவப்புத் திரவம் அது. பிறகு பெரிய வியாபாரமாகிக் கைமாறி, இன்று பன்னாட்டு நிறுவனத்திடம் இருக்கிறது. அந்த வுல்ஃபுக்குக் கோல்ஃப் பிடிக்கும். பாப்வா அவருக்குப் பை தூக்கினார். ஒரு நாள் பையனை அடிக்கச் சொல்லிப் பார்த்தவர், யார் யாருக்குப் பை தூக்க வேண்டும் என்று யோசித்திருப்பார். வுல்ஃப் அவரை ஆதரித்தார். உள்நாட்டில் பெரிய போட்டிகளின் கதவு சாத்தியிருந்ததால் ஐரோப்பாவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார்.

1959-இல் பாப்வா டச்சு ஓப்பன் பட்டத்தை வென்றார். அதே ஆண்டு கோடையில், ஸ்காட்லாந்தின் மியூர்ஃபீல்டில், பிரிட்டிஷ் ஓப்பனை வென்றவர் கேரி பிளேயர். இருவரும் தென்னாப்பிரிக்கர்கள், ஏறக்குறைய ஒத்த வயதினர். ஒருவர் வெள்ளையர், மற்றவர் இந்தியர். இந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் சந்திக்கப் போகிறார்கள். 1960-இல் மீண்டும் டச்சு ஓப்பன். 1964-இல் மூன்றாவது முறை. நடுவில் 1963-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஓப்பனில் பதின்மூன்றாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். உலகத்தின் சிறந்த ஆட்டக்காரர்கள் கூடும் போட்டியில் அது சின்ன விஷயம் இல்லை. அந்த ஆண்டு அங்கே வென்றவர் நியூசிலாந்தின் பாப் சார்லஸ். இத்தகைய பெரும் பட்டத்தை வென்ற முதல் இடது கை ஆட்டக்காரர் அவர்தான். ஊரோடு ஒத்துப்போகாத கைகளுக்கு அது நல்ல ஆண்டு போலும்.

எழுத்தறிவு இல்லாதவர் இந்த ஆட்டத்தில் எப்படிச் சமாளித்தார் என்று நான் யோசித்ததுண்டு. கோல்ஃபில் நடுவர் நம் எண்ணிக்கையை எழுதுவதில்லை. கூட ஆடுபவர் ஒரு அட்டையில் குறிப்பார். நாம் அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். குறைத்து எழுதிய கணக்குக்குக் கையெழுத்துப் போட்டால் போட்டியிலிருந்தே நீக்கம். கூட்டி எழுதியிருந்தால் அந்தக் கூடுதல் எண்ணே நிற்கும். அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்ஸோ 1968-இல் அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் போட்டியில் இப்படித்தான் மாட்டினார். அவர் அடித்தது 65. அட்டையில் 66. பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். கிடைத்திருக்க வேண்டிய மறு ஆட்ட வாய்ப்பு அந்த ஒரு எண்ணால் போயிற்று. முப்பது வருஷம் வவுச்சர்களில் இனிஷியல் போட்டவனுக்கு இதைப் படித்தால் வயிற்றைக் கலக்கும். படித்தவர்களே தடுக்கி விழும் இடம் அது. பள்ளிக்கூடம் பார்க்காத மனிதர் அந்த அட்டைகளோடு மூன்று முறை ஐரோப்பியப் பட்டத்தை வென்று வந்தார்.

ஐரோப்பாவில் வென்றவரை உள்ளூரில் எத்தனை நாள் வெளியே நிறுத்த முடியும்? அழுத்தம் வரவே, நேட்டால் ஓப்பன் போட்டியில் ஆட அனுமதி கொடுத்தார்கள். 1963 ஜனவரி, டர்பன் கண்ட்ரி கிளப். மைதானத்தில் ஆடலாம், ஆனால் கிளப் கட்டடத்துக்குள் கால் வைக்கக் கூடாது. உடை மாற்றுவதும் சாப்பிடுவதும் காரில். சுற்று முடிந்து மற்றவர்கள் உள்ளே போய் உட்காரும்போது இவர் வெளியில்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன், குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சீசன் மாதங்களில் நம் வளாகத்துக்கு விருந்தினர்களை ஏற்றி வரும் ஓட்டுநர்கள் இரவில் காருக்குள்ளேயே கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்குகிறார்கள். மே மாதத்திலும் இங்கே இரவுக் குளிர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சமவெளியிலிருந்து வருபவர்களிடம் ஒரு போர்வைகூட இருக்காது. கழிப்பறைக்கு வாட்ச்மேனைக் கேட்டு நிற்கிறார்கள். நம் கிளப் ஹவுஸ் அறை அந்த நேரத்தில் பூட்டித்தான் கிடக்கிறது. பூட்டியதற்குப் பாதுகாப்புக் காரணம் உண்டு என்பதும் எனக்குத் தெரியும். வரும் பொதுக்குழுவில் இதை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லிச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பாப்வாவுக்கு வருவோம். கோல்ஃப் போட்டி பொதுவாக நான்கு சுற்று, சுற்றுக்கு 18 குழி, மொத்தம் 72. குறைந்த அடிகளில் முடிப்பவரே வெற்றியாளர். நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளை ஆட்டக்காரர்கள் கலந்துகொண்ட அந்தப் போட்டியில் பாப்வா வென்றார். பரிசளிப்பு நேரத்தில் மழை. கோப்பையை அவருக்கு வெளியில், மழையில் வைத்துக் கொடுத்தார்கள். தோற்றவர்களும் விருந்தினர்களும் உள்ளே கூரைக்கடியில் இருந்தார்கள். ஜன்னல் வழியாக நீட்டினார்கள் என்றுகூட ஒரு கதை உலவுகிறது. கிளப் தரப்பிலோ, பரிசளிப்பு எப்போதுமே வெளியில்தான் நடக்கும், அன்று மழை வந்துவிட்டது, அவ்வளவுதான் என்று சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் வேறு யார் வென்றிருந்தாலும் மழை வந்தவுடன் உள்ளே கூட்டிப் போயிருப்பார்கள் இல்லையா? இதில் இன்னொரு வேடிக்கை, உள்ளே தட்டு ஏந்திப் பரிமாறிக்கொண்டிருந்த பணியாளர்கள் இந்தியர்கள். பரிமாறப் போகலாம், பரிசு வாங்கப் போகக் கூடாது.

அந்த மழைக் கோப்பையின் புகைப்படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. தென்னாப்பிரிக்காவில் அப்போது தொலைக்காட்சியே கிடையாது. 1976-இல்தான் அனுமதித்தார்கள். ஆகவே புகைப்படம்தான் பேசியது. 1960-இல் ஷார்ப்வில்லில் 69 பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றபோது உலகம் அதிர்ந்தது. இங்கே யாரும் சாகவில்லை, ஒரு மனிதர் நனைந்தார், அவ்வளவே. ஆனாலும் நிறவெறி என்றால் என்ன என்று கேட்டவர்களுக்கு அந்தப் படத்தைக் காட்டினால் போதுமாக இருந்தது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து தென்னாப்பிரிக்கா விலக்கி வைக்கப்பட்டது. பாப்வாவால் மட்டும் நடந்தது என்று சொல்ல மாட்டேன். விளையாட்டையும் அரசியலையும் கலக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களின் வாயை அடைத்ததில் அந்தப் படத்துக்குப் பங்குண்டு.

1965-இல் மறுபடியும் நேட்டால் ஓப்பன். இந்த முறை கேரி பிளேயரும் களத்தில். அதற்குள் அவர் பிரிட்டிஷ் ஓப்பன், அமெரிக்க மாஸ்டர்ஸ், பி.ஜி.ஏ. மூன்றையும் வென்றிருந்தார். அதே ஆண்டு ஜூனில் அமெரிக்க ஓப்பனையும் வென்று, நான்கு பெரும் பட்டங்களையும் பெற்றவர்களின் சிறிய பட்டியலில் சேர்ந்தார். அப்படிப்பட்டவரைப் பாப்வா தோற்கடித்துப் பட்டத்தை எடுத்துக்கொண்டார்.

அரசாங்கத்துக்கு அது போதும் போதும் என்று ஆகிவிட்டது. ஒரு முறை வென்றால் அதிர்ஷ்டம் என்று தள்ளிவிடலாம். உலக சாம்பியனையே ஜெயித்தால் வெள்ளையர் பிறவியிலேயே மேலானவர் என்ற கணக்கு உதைக்கிறதே! 1965-இல் வந்த ஆணைப்படி, கலப்பு விளையாட்டுக்கு ஆடுபவர் மட்டுமல்ல, வேடிக்கை பார்ப்பவர்கூட அனுமதி பெற வேண்டியதாயிற்று. அடுத்தடுத்த போட்டிகளுக்குப் பாப்வா விண்ணப்பித்தபோது அனுமதி மறுக்கப்பட்டது. பட்டத்தை வென்ற மனிதர் அந்த மைதானத்தின் கயிற்றுக்கு வெளியே நின்று பார்க்கவும் தடை. ஒரு தொழிலாளியின் கையிலிருந்து கருவியைப் பிடுங்கியது மாதிரிதான். அவர் பொழுதுபோக்குக்கு ஆடவில்லை. அதுதான் அவருக்குச் சோறு. வயது முப்பத்தைந்தை ஒட்டி, ஆட்டம் முதிர்ந்து கனியும் நேரம்.

கிரிக்கெட் வீரர் பேசில் டி'ஒலிவெராவின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். அவரும் தென்னாப்பிரிக்காவில் நிறத்தால் ஒதுக்கப்பட்டவர். 1960-இல் இங்கிலாந்துக்குக் குடியேறி அந்நாட்டுக்கே ஆடினார். பாப்வா அப்படிப் போய்விடவில்லை. ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரியாதவர், கண் தெரியாத தாயை வைத்திருந்தவர், வேரைப் பிடுங்கிக்கொண்டு போவதற்கு எல்லோராலும் முடியுமா? போகாதது தவறு என்று நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நாம் சொல்வது நியாயம் ஆகாது.

கேரி பிளேயரைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 1966-இல் எழுதிய புத்தகத்தில் அவர் தம் நாட்டின் நிறவெறிக் கொள்கையை ஆதரித்தே எழுதினார். 1969-இல் அமெரிக்காவில் ஆடியபோது எதிர்ப்பாளர்கள் மைதானத்திலேயே அவரைத் தொல்லைப்படுத்தினார்கள். 1971-இல் அவரே லீ எல்டர் என்ற அமெரிக்கக் கறுப்பின வீரரைத் தென்னாப்பிரிக்காவுக்கு அழைத்து ஆட வைத்தார். தம் பழைய கருத்தையும் பின்னாளில் கைவிட்டார். மனிதர்கள் மாறுவது நல்லதுதான். ஆனால் அமெரிக்காவிலிருந்து கறுப்பின விருந்தாளி வந்து ஆடிய அந்த ஆண்டில் பாப்வாவுக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. போன வருஷங்களை யார் கொடுப்பது? வங்கியில் தாமதத்துக்கு வட்டி உண்டு. வாழ்க்கையில் அந்தக் கணக்குத் தலைப்பே இல்லை.

இந்தியா இதில் சும்மா இருக்கவில்லை என்பது நமக்கு ஆறுதல். தென்னாப்பிரிக்காவோடு வர்த்தகத்தை 1946-லேயே நிறுத்திய நாடு நம்முடையது. 1974-இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிப் போட்டிக்கு இந்தியா வந்தது. நம் சென்னைச் சகோதரர்கள் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் அணியில். எதிரணி தென்னாப்பிரிக்கா. ஆடினால் கோப்பை கிடைக்கும் வாய்ப்பு நன்றாகவே இருந்தது. ஆட மாட்டோம் என்று இந்தியா விலகியது. கோப்பை ஆடாமலேயே தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. அப்போது நான் மாணவன். நம் ஆட்கள் ஜெயித்திருப்பார்களே, அரசாங்கம் கெடுத்துவிட்டதே என்று விடுதியில் பலர் புலம்பினார்கள். பாப்வா என்ற ஒருவர் இருந்ததே எங்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் புலம்பல் கொஞ்சம் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

1978 ஜூலை 4-ஆம் தேதி பாப்வா மாரடைப்பில் இறந்தார். ஐம்பது வயது நிறையவில்லை. கையில் பெரிதாகப் பணம் இல்லை. மண்டேலா சிறையிலிருந்து வெளிவர இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தன.

நிறவெறி ஆட்சி ஒழிந்த பிறகு மரியாதைகள் வந்தன. தென்னாப்பிரிக்க அரசு, கலை மற்றும் விளையாட்டுத் துறைச் சாதனையாளர்களுக்குத் தரும் இக்காமாங்கா விருதை அவர் மறைவுக்குப் பின் அறிவித்தது. கிறிஸ்டோபர் நிக்கல்சன் என்ற நீதிபதி அவர் வாழ்க்கை வரலாற்றைப் புத்தகமாக எழுதினார். நம் வளாகத்தில் சிலருக்குத் தென்னாப்பிரிக்காவில் உறவினர்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். டர்பன் பக்கம் போனால் ரிசர்வாயர் ஹில்ஸ் பகுதியை விசாரியுங்கள், இந்தியர்கள் நிறைய வாழும் இடம்தான். அங்கே உம்கேனி ஆற்றை ஒட்டி மாநகராட்சியின் கோல்ஃப் மைதானம் ஒன்று இருக்கிறது. அதற்குப் பாப்வா சிவ்குலாம் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். தனியார் கிளப் இல்லை, பொது மைதானம். கட்டணத்தைக் கட்டிவிட்டு யார் வேண்டுமானாலும் ஆடலாம்.